ஓய்வும் கூட்டுறவுப் பணியே

காய்ச்சல் கண்டவரைப் பார்த்து, "படுத்து ஓய்வு எடுங்கள்" என்று சொல்வது மிக எளிது. சொல்பவருக்கு அதனால் செலவு ஒன்றுமில்லை. ஆனால் தறியில் அமர்ந்தாலன்றிக் கூலி இல்லை, வயலில் இறங்கினாலன்றி விளைவு இல்லை என்னும் நிலையில் வாழ்வோருக்கு அந்தச் சொல் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓய்வுக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதே, நம் சங்க அங்கத்தினர்களின் முன் நாம் இன்று வைக்க விரும்பும் வினாவாகும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மாதம் 24-ஆம் நாள் மாலை முதல் தமிழ்நாட்டில் ஊரடங்கு வந்தது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே வண்டிகள் ஓயாமல் செல்லும் நம் வளவனூர்ச் சாலை பட்டப்பகலில் வெறிச்சோடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தொடக்கத்தில், நோய் கண்ட அனைவரையும் மருத்துவமனையிலோ சிறப்பு மையங்களிலோ சேர்த்து வந்தனர். நோய் பெருகப் பெருக, அது இயலாததாயிற்று. நோய் இலேசாக உள்ளவர்கள் வீட்டிலேயே தனித்திருந்து குணமடையலாம் என்னும் முறைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் 27-இல் முதல் நெறிமுறையை வெளியிட்டது. 2021-இல் இரண்டாம் அலை எழுந்து, மருத்துவமனைகளில் படுக்கைகள் நிரம்பி வழிந்தபோது, பெரும்பாலோருக்கு வீடே மருத்துவமனை ஆயிற்று. இந்நோய் கண்டவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் மருத்துவமனைக்குப் போகாமலே தேறக் கூடியவர்கள் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. ஆகவே, எளிய மக்களின் உயிரைக் காத்ததில் வீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய் தொடர்பான அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. இனி எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். அவசர நிலை முடிந்ததேயன்றிக் கிருமி ஒழிந்துவிடவில்லை. தடுப்பூசியாலும், ஒருமுறை வந்து போனதாலும் நம் உடலுக்குத் தாங்கும் ஆற்றல் கூடியுள்ளது, அவ்வளவே. அன்றியும், மழைக்காலந்தோறும் இன்புளுயன்சா முதலிய சளிக்காய்ச்சல்கள் தெருத்தெருவாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெள்ளம் வடிந்த பிறகு கரையைப் பலப்படுத்துவதே உழவன் அறிந்த முறை. அடுத்த வெள்ளம் வரும் வேளையில் மண் வெட்டப் போவது அறிவுடைமை ஆகாது.

முந்தைய வெள்ளம் ஒன்றையும் இங்கே நினைவு கூர்வது பொருந்தும். 1918-இல் இன்புளுயன்சா என்னும் நச்சுக்காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நுழைந்து, இரயில் பாதைகளின் வழியே நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். அக்காய்ச்சலின் காரணம் ஒரு வைரஸ் கிருமி என்பதே 1933-இல்தான் தெளிவாயிற்று. மருந்தறியாத காலம் அது. வீடு முழுவதும் ஒருசேரப் படுத்துவிட்டால், கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் ஆளில்லை. இந்தியாவில் கூட்டுறவுச் சங்கங்களுக்கான முதற்சட்டம் பிறந்தது 1904-இல். ஆகவே 1918-இல் நம் இயக்கம் பதினான்கு வயதுப் பிள்ளை. அதனிடம் அன்று எதிர்பார்ப்பதற்கு அதிகமில்லை. இன்றோ அது நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இன்னும் இளமையைக் காரணம் காட்டித் தப்புவதற்கில்லை.

இனி, நாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். 2021 மே மாத நடுவில் நாமும் அந்நோய்க்கு ஆளானோம். வளவனூரில் நாம் குடியிருந்த வீட்டின் பின்னறையில், அன்றைய நெறிமுறைப்படி பத்து நாட்கள் தனித்திருந்தோம். சாளரம் உள்ள அறை அது. வேளாவேளைக்குக் கஞ்சியும் வெந்நீரும் வாசற்படிக்கு வந்தன. பத்தாம் நாள் எழுந்து நடந்தபோது, தெருமுனை வரை செல்வதற்குள் மூச்சு வாங்கியது. மேலும் ஒரு வாரம் விடுப்புக் கேட்டோம்; கிடைத்தது. மாத முடிவில் சம்பளம் வழக்கம்போல் வந்து சேர்ந்தது. இதில் நம் திறமை ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் என்னும் திண்ணையில் நாம் சாய்ந்துகொள்ள முடிந்தது, அவ்வளவே.

அதே வாரத்தில், வளவனூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கத்தின் அங்கத்தினராகிய நெசவாளர் ஒருவருக்கும் அதே காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் அவருக்குச் சுரம் சற்றுத் தணிந்தது. ஐந்தாம் நாள் அவர் தறிக்குழியில் இறங்கிவிட்டார். தறியில் ஓடிய பாவில் இரண்டு சேலைகள் மீதமிருந்தன. அவற்றை நெய்து அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்தால்தான் கூலி கைக்கு வரும். தார் சுற்றித் தர அவருடைய துணைவியார் அருகில் அமர்ந்தார். ஓரிரு நாளில் அந்த அம்மையாரும் படுத்துவிட்டார். நெசவாளருக்கு நாளுக்கு நாள் களைப்பு மிகுந்தது. வேலை செய்ததால் வந்த களைப்பு என்றே அவர் எண்ணினார். ஒன்பதாம் நாள் இரவு மூச்சுத் திணறல் முற்றி, 108 வண்டியில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பிராணவாயு செலுத்தப்பெற்று, பல நாட்களுக்குப் பின் உயிர் பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் மூன்று மாதங்கள் அவரால் மிதியை மிதிக்க இயலவில்லை. தறி துணியால் மூடப்பட்டுக் கிடந்தது.

தறியில் அமர்ந்ததால்தான் அவருக்கு நோய் முற்றியது என்று நாம் சொல்லவில்லை. முழு ஓய்வில் இருந்தவர்கள் சிலருக்கும் முற்றியதுண்டு. ஆனால் படுத்திருந்தால், மூச்சுக் குறைவை வேலைக் களைப்பு என்று அவர் தவறாக எண்ணியிருக்க மாட்டார். இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே மருத்துவமனையை அடைந்திருப்பார். ஐந்து நாள் கூலியைக் காக்கப் போய், மூன்று மாதக் கூலியை இழந்தார் அவர்.

நம்முடைய பிழையையும் மறைப்பதற்கில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அச்சங்கத்தை ஆய்வு செய்தபோது, மே முதல் ஆகஸ்டு வரை உற்பத்தி குறைந்தமைக்கு விளக்கம் தருமாறு குறிப்பு எழுதினோம். ஊரடங்கில் விற்பனை நின்றது ஒரு காரணம் என்பதை அறிவோம். ஆயினும் சில தறிகள் முற்றிலும் ஓய்ந்திருந்ததைப் பிரித்துக் கேட்டிருந்தோம். சங்கத்தின் செயலாளர் எழுத்தில் விடை தரவில்லை. நம்மை அத்தெருவுக்கு அழைத்துச் சென்றார். நெசவாளர் திண்ணையில் அமர்ந்திருந்தார். "இவ்வளவு முடியாதபோது ஏன் தறியில் இறங்கினீர்கள்?" என்று கேட்டோம். "படுத்திருக்கத் தெரியாமலா இறங்கினேன், ஐயா? நான் படுத்திருந்தால் அடுப்பு எரிய வேண்டுமே!" என்றார் அவர். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அலுவலகம் திரும்பியதும் அந்தக் குறிப்பை அடித்துவிட்டோம்.

அன்று முதல் ஒரு நினைவு நம்மை விட்டு நீங்கவில்லை. நம் சங்கங்களில் எத்தனையோ பதிவேடுகள் உள்ளன. நூல் கொள்முதலுக்குப் பத்தி உண்டு, இருப்புக்கு உண்டு, கூலிக்கு உண்டு, கடனுக்கும் தவணை தவறியவர்க்கும் உண்டு. அங்கத்தினர் நோயுற்றார் என்று எழுதுவதற்கு ஒரு பத்தி இல்லை. அப்படி ஒரு பத்தி எங்கே என்று நாமும் எந்நாளும் கேட்டதில்லை.

வீட்டிலிருந்து குணமடைவது என்றால் என்ன என்பதை இனிப் பார்ப்போம். நோயாளிக்குக் காற்றோட்டமுள்ள தனியறை வேண்டும். கூடுமானால் தனிக் கழிப்பிடம் வேண்டும். பணிவிடை செய்ய ஒருவர் வேண்டும். இருவரும் முகக்கவசம் அணிய வேண்டும். மருத்துவருடன் தொடர்பு வேண்டும் என்பது நெறிமுறை. நகரத்து மாடி வீட்டுக்கு இது பொருந்தும். நெசவாளர் வீட்டிலோ, முன்கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொள்கிறது. அதை ஒட்டி அடுப்பங்கரை. இரவில் குடும்பம் முழுவதும் தறியைச் சுற்றியே பாய் விரிக்கிறது. தனியறைக்கு எங்கே போவது?

இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. இக்கிருமி பெரும்பாலும் நோயாளி விடும் மூச்சுக் காற்றின் வழியே, அடைத்த இடங்களில் பரவுகிறது என்பதை அறிந்தால், வழியும் தானே புலப்படும். தட்டையும் தம்ளரையும் தனியாக வைப்பது நன்றே. அதனினும் நன்று காற்றைத் திறந்து விடுவது. திண்ணையோ கொல்லைப்புறக் கொட்டகையோ இருந்தால் நோயாளியின் கட்டிலை அங்கே இடலாம். அதற்கும் இடமில்லையெனில், கூடத்தின் சாளரமும் கதவும் திறந்திருக்க, நோயாளி காற்று வெளியேறும் பக்கத்திலும் முதியோர் எதிர்ப்பக்கத்திலும் படுக்கலாம். காய்ச்சல் தோன்றுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே நோய் தொற்றக்கூடும் என்பதால், தமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணும் வீட்டாரும் சில நாட்கள் கூட்டங்களுக்குச் செல்லாதிருப்பது அயலாருக்குச் செய்யும் உதவியாகும். 2022 சனவரியில் திருத்தப்பட்ட நெறிமுறை தனித்திருக்கும் காலத்தை ஏழு நாட்களாகக் குறைத்தது. அதிலும் கடைசி மூன்று நாட்கள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும் என்றது. இந்த ஏழு நாள் கணக்கை அங்கத்தினர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

அடுத்தது கவனிப்பு. இந்நோயில் ஒரு வஞ்சகம் உண்டு. நோயாளி எழுந்து பேசிக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டு வரும். அவருக்கே அது தெரியாது. சிலருக்குக் காய்ச்சல் தணிந்து தேறிவிட்டதாகத் தோன்றும் இரண்டாம் வாரத்தில்தான் இது நிகழ்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் கருவியில் 94-ம் அதற்கு மேலும் இருப்பது நன்று. 93-ம் அதற்குக் கீழும் நிலைத்திருந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அடைய வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அளவு தவறக்கூடும். விரலைச் சூடுபடுத்தி மீண்டும் பார்க்க வேண்டும். கருவி இல்லாத வீட்டில், நோயாளி ஓய்வாக இருக்கையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணலாம். அது 24-ஐ எட்டினாலே தயங்கக் கூடாது. மார்பில் அழுத்தம், அறிவு மயக்கம், மூன்று நாட்களுக்கு மேலும் தணியாத காய்ச்சல் ஆகியவையும் எச்சரிக்கைகளே. மூச்சுக் குறைந்தவர் வண்டி வரும்வரை குப்புறப் படுத்திருப்பது பயன் தரும் என்று 2021 ஏப்ரலில் சுகாதார அமைச்சகமே அறிவுறுத்தியது. இவை யாவும் பெரிய வித்தைகள் அல்ல. பாவில் அறுந்த ஓர் இழையைக் கண்டு பிடித்து முடிச்சுப் போடத் தெரிந்த கண்ணுக்கு, இதைக் கற்றுக்கொள்ள அரைமணி போதும்.

மருந்து பற்றியும் ஒரு சொல். வைரஸ் கிருமியைக் கொல்லும் ஆற்றல் ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு இல்லை. கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதால் பணம் கரையுமேயன்றி நோய் கரையாது. டெக்சாமெத்தசோன் என்னும் விலை மலிந்த ஸ்டீராய்டு மருந்து, பிராணவாயு தேவைப்படும் நோயாளிகள் பலரின் உயிரைக் காப்பதை இங்கிலாந்து நாட்டு ஆய்வு ஒன்று 2020 சூனில் நிறுவியது. பிராணவாயு தேவைப்படாதவர்க்கு அதனால் நன்மை இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆயினும் 2021-இல் பலர் அதைத் தாமே வாங்கி உண்டனர். சர்க்கரை நோயாளிகள் சிலர் கருப்புப் பூஞ்சை என்னும் கொடிய நோய்க்கு ஆளானதில் அவ்வழக்கத்துக்கும் பங்கு உண்டு. கபசுரக் குடிநீர் அருந்துவோர் அருந்தட்டும். ஆவி பிடிப்போர் கொதிநீர் மேலே கவிழாமல் பிடிக்கட்டும். அவை மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடும் சாக்காக மட்டும் ஆகக் கூடாது.

காய்ச்சல் நின்றதும் நோய் நின்றுவிட்டதாகக் கொள்வதும் பிழை. களைப்பு, மூச்சிரைப்பு, மறதி ஆகியவை சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கின்றன. நோய் தொடங்கிய மூன்று மாதங்களுக்குப் பின்னும் இத்தகைய தொல்லைகள் இருந்து, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடித்தால், அதையும் ஒரு நோய்நிலையாகவே கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. ஆகவே அது சோம்பலன்று. உடல் கேட்கும் கடன். நெசவாளர் முதல் சில நாட்கள் உட்கார்ந்து தார் சுற்றலாம். பிறகு அரைமணி தறியில் இறங்கலாம். மறுநாள் களைப்பு மிகுந்தால் மறுபடி குறைத்துக்கொள்ள வேண்டும். உழவரும் மண்வெட்டியைத் தொடுமுன் வரப்பில் நடந்து பார்க்கட்டும்.

உழவரைச் சொன்னோம், அவருடைய இடர் வேறு வகையானது. உளுந்துச் செடி முற்றிவிட்டால் வெடிப்பதற்குள் பறிக்க வேண்டும். கரும்புக்கு ஆலையின் வெட்டு உத்தரவு வந்தால் அந்த நாளை விடுவதற்கில்லை. மாட்டின் மடி, வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று காத்திராது. இத்துடன் பழிச்சொல்லும் சேர்ந்துவிடுகிறது. 2020 மே முதல் வாரத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, மே 5-இல் அது மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்தும் காய்கறி விற்றும் பிழைத்த விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டத்தார் பலர் ஊர் திரும்பினர். நாட்கள் சிலவற்றுள் இம்மாவட்டங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை குபீரென உயர்ந்தது. நம் விளைபொருளைச் சந்தையில் இறக்கி விற்றுத் தந்த அதே மக்களைக் கண்டு ஊர்கள் அஞ்சி ஒதுங்கின. அஞ்சியது இயல்பே, ஆனால் பழிப்பு எங்கே மிகுகிறதோ அங்கே நோய் ஒளிகிறது. ஒளிந்த நோய் ஊரெங்கும் பரவுகிறது. தமக்குக் காய்ச்சல் என்று வெளியே சொல்பவரைத் தண்டிக்கும் ஊர், தன்னையே தண்டித்துக்கொள்கிறது.

இல்லத்துப் பெண்டிரின் நிலையையும் மறத்தலாகாது. ஆடவர் படுத்தால் பணிவிடை செய்யப் பெண்கள் உள்ளனர். பெண்கள் படுத்தால்? காய்ச்சலோடு அடுப்பு ஊதிய தாய்மாரை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டோம். தார் சுற்றுவதும், பால் கறப்பதும், களை எடுப்பதும் அவர்களே. ஏழு நாள் ஓய்வு என்று எழுதும் எந்தத் திட்டமும், அந்த ஏழு நாளும் அவ்வீட்டுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று சொல்லாவிட்டால், பாதித் திட்டமே.

இத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: நோய்க்காலத்தில் வருவாய் நின்றுவிடுகிறது. இது தீராத சிக்கல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தொழிலாளர் தமக்குள் பரஸ்பர உதவிச் சங்கங்கள் அமைத்து, வாரச் சந்தா செலுத்தி, நோயுற்ற அங்கத்தினருக்குப் படி கொடுத்து வந்தனர். ஜெர்மனி 1883-இல் தொழிலாளர் நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் 1948-இல் இயற்றப்பட்ட ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் வழியே, காப்பீடு பெற்ற தொழிலாளி நோயுற்றால், ஆண்டில் 91 நாட்கள் வரை கூலியில் 70 விழுக்காடு பெறும் ஏற்பாடு வந்தது. நூல் ஆலையில் நூற்கும் தொழிலாளிக்கு இந்நிழல் உண்டு. அந்நூலைத் தம் வீட்டுக் குழித்தறியில் சேலையாக்கும் நெசவாளருக்கு அது இல்லை. நூல் ஒன்றே, நிழல் மட்டும் வேறு.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. கைத்தறிக் கூட்டுறவுச் சங்க நெசவாளருக்கான சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில், ஒரு ரூபாய்க் கூலிக்கு அங்கத்தினர் 8 காசு செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது. சிறுதுளி சேர்ந்தே அது நிற்கிறது. நெருக்கடியில் பணியாற்றும் வலிமையும் நமக்கு உண்டு. 2021-இல் அரசு அறிவித்த கொரோனா நிவாரணம் 4,000 ரூபாய், இரு தவணைகளாக, 2 கோடியே 7 லட்சம் குடும்ப அட்டைகளுக்குச் சென்று சேர்ந்தது. அதைக் கையில் கொடுத்தவை, பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாயவிலைக் கடைகளே. நோயின் நடுவே நின்று அப்பணியைச் செய்து, உயிரையும் இழந்த பணியாளர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் தலை வணங்குகிறோம். மாநிலம் முழுவதற்கும் கை நீட்ட முடிந்த இயக்கத்துக்கு, தன் தெருவிலுள்ள அங்கத்தினர் வீட்டுக்குக் கை நீட்டுவது அரிதாகுமோ?

ஆகவே, சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் ஆராயத்தக்க சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம். இவை நம் சொந்தக் கருத்துக்களே, உத்தரவு அல்ல.

முதலாவது, நோய்க்காலப் பதிவேடு. அங்கத்தினர் காய்ச்சல் என்று தெரிவித்த நாளும், தேறிய நாளும் அதில் எழுதப்படட்டும். அந்நாட்களில் அவருடைய உற்பத்திக் குறைவைக் குறையாகக் கருதாதிருக்கவும், கடன் தவணைக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவில் அவகாசம் பரிந்துரைக்கவும் அது சான்றாகும்.

இரண்டாவது, நோய்க்கால உதவி நிதி. இருநூறு அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் ஒவ்வொருவரும் மாதம் 10 ரூபாய் தந்தால், ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். நோயுற்றவருக்கு நாளொன்றுக்கு 300 ரூபாயாக ஏழு நாட்களுக்குக் கொடுத்தால் 2,100 ரூபாய். ஆண்டில் பதினொரு பேருக்கு அது போதும். கொள்ளைநோய் ஆண்டில் போதாது என்பது உண்மை. ஆகையால்தான் நல்ல ஆண்டுகளில் மிகுவதைச் செலவிடாமல் வைத்திருக்க வேண்டும். இலாபம் உள்ள சங்கங்கள் தம் பொது நல நிதியிலிருந்தும் விதிகளுக்கு உட்பட்டு இதற்குத் துணை செய்ய இயலுமா என்று ஆராயலாம்.

மூன்றாவது, சங்க அலுவலகத்தில் ஒரு பெட்டி. வெப்பமானி ஒன்று, ஆக்சிமீட்டர் இரண்டு, முகக்கவசங்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். மருந்து தெளிக்கும் கருவியை இரவல் கொடுத்து வாங்குவதுபோல், இவற்றையும் துடைத்துத் தூய்மை செய்து, வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்கலாம்.

நான்காவது, தெருவுக்கு இருவர். நோயுள்ள வீட்டின் வாசலில் ரேஷன் அரிசியும் சமைத்த உணவும் வைப்பது, நெய்து முடித்த சேலையை வாங்கிச் சென்று சங்கத்தில் ஒப்படைப்பது, அவ்வீட்டு மாட்டைக் கறந்து பால் சங்கத்தில் ஊற்றிக் கணக்கில் சேர்ப்பது, நாள்தோறும் இருவேளை தொலைபேசியில் மூச்சு அளவைக் கேட்டறிவது ஆகியவை இவர்களின் பணி. அதிகாலையில் தெருவில் பாவு தோய வேண்டுமென்றால் ஒருவர் கையால் ஆகுமா? அக்கம்பக்கத்தார் கூடித்தானே தோய்கிறோம்! ஒருவர் பாவுக்குக் கூடியவர்கள், ஒருவர் உயிருக்குக் கூடுவதில் புதுமை ஒன்றுமில்லை.

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். பொய்க் காய்ச்சல் காட்டிப் பணம் பெறுவோர் தோன்றுவர் என்று சிலர் சொல்வர். தோன்றலாம். அந்த ஐயம் இங்கிலாந்துத் தொழிலாளருக்கும் இருந்தது. அவர்கள் நோயுற்றவரின் வீட்டுக்குச் சென்று காண அங்கத்தினர்களையே அனுப்பினர். தெருவில் இருவர் நாள்தோறும் விசாரிக்கும்போது பொய் எத்தனை நாள் நிற்கும்? கடன் வாங்கித் திருப்பாதவரும் உண்டு. அதற்காக நாம் கடன் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. இது அரசின் கடமையல்லவா என்று வேறு சிலர் கேட்பர். கடமைதான். நெசவாளருக்கும் உழவருக்கும் நோய்க்காலப் படி வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கோரிக்கைக்கு விடை வரும் வரை காய்ச்சல் காத்திருக்காது. இன்னும் சிலர், மாதம் பத்து ரூபாயும் ஏழைக்குச் சுமை என்பர். சுமைதான், மூன்று மாதம் மூடிக்கிடக்கும் தறியோ அதனினும் பெருஞ்சுமை.

இது தருமம் அன்று என்பதையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். தருமத்தில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. கூட்டுறவில் இன்று கொடுப்பவரே நாளை வாங்குபவர். காய்ச்சலுக்கு வீட்டு எண் தெரியாது. இந்த மழைக்கு ஒரு வீடு, அடுத்த மழைக்கு வேறொரு வீடு. படுத்திருப்பவருக்கு நாம் கொடுக்கும் ஏழு நாள் ஓய்வு, அவர் வீட்டாரையும் அடுத்த தறியில் இருப்பவரையும் காக்கிறது. ஆகவே அவ்வோய்வும் சங்கத்துக்குச் செய்யும் வேலையே ஆகும்.

அந்த நெசவாளர் அன்பர் இப்போது நலமாக நெய்துவருகிறார். சென்ற மழைக்காலத்தில் அவர் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டபோது, முடிந்திருந்த சேலையை அவ்வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்துச் சென்று சங்கத்தில் ஒப்படைத்துக் கூலியை வாங்கி வந்து கொடுத்தவர் அவரே என்று செயலாளர் சொல்லக் கேட்டோம். எந்தத் தீர்மானமும் நிறைவேற்றாமல், எந்த விதியும் எழுதாமல் அவர் அதைத் தொடங்கிவிட்டார். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அதற்கு ஒரு பதிவேடும் ஒரு நிதியும் ஏற்படுத்தித் தருவது நம் பொறுப்பு. அடுத்த முறை நாம் ஆய்வுக்கு வரும்போது, உற்பத்தி ஏன் குறைந்தது என்று கேட்பதற்கு முன், நோயுற்றோர் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்போம். காட்டுவதற்கு அங்கத்தினர்கள் ஆயத்தமாக இருப்பார்கள் என்று நம்புகிறோம்.